தினமும் இரண்டு வாளி

உங்கள் ஜன்னலோரத்தில் இருக்கும் அந்தச் செடி தண்ணீர் இல்லாமல் வாடவில்லை. தண்ணீர் அதிகமாகி வாடுகிறது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் அதுதான் அர்த்தம். பத்து நாளைக்கு யாரும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வாசலில் டைப் அடிக்கிற அந்தப் பெண்தான் ஊற்றுகிறாளா? அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சோனோராப் பாலைவனத்தில் பிறந்த எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்தான் அது. வருடத்தில் பத்து மாதம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிற ஊரில், எந்த உயிரைக் கண்டாலும் தண்ணீர் கொடுக்கத்தான் முதலில் கை போகும்.

நகராட்சி நாற்றுப் பண்ணையில் இருபத்திரண்டு வருடம் நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். கன்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வேன்: இவை பாலைவனத்து மரங்கள். முதல் வருடம் தினமும் ஊற்றுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அடிமரத்தில் அல்ல, கிளைகளின் நுனிக்கு நேர்கீழே, மண் ஆழம்வரை ஊறும்படி விட்டால் போதும். குளிர்காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். அவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தினமும் ஊற்றுவார்கள். பாசம்தான், வேறென்ன.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், லிசென்சியாதா. அரசு வக்கீல் அம்மா கேட்டால் சொல்லத்தானே வேண்டும். சொல்கிறேன். எனக்கென்று வக்கீல் வேண்டாம் என்று நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிவுக் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் வையுங்கள், நான் மெதுவாகப் பேசுகிறவள்.

என் பெயர் ஒதிலியா. வயது ஐம்பத்தாறு. பெலெம் என் தங்கை, என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அவளுக்கு இரண்டு வயது ஆகும்போது எங்கள் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் பழம் பறிக்கப் போனவர். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. காபோர்காவில் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார். குழந்தையோடுதான் வருவேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்குப் பால் பல் விழுந்ததும், கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளை உடுப்புத் தைத்ததும், அவள் ஆரம்பப் பள்ளி டீச்சரானதும் எல்லாம் என் கைக்குள்தான் நடந்தது. சாப்பிடும்போது அவள் இடது காலை மடித்து உட்காருவாள். அந்தக் காலுக்காக நாற்காலியில் ஒரு சின்னத் தலையணை வைத்திருந்தேன். முப்பத்தெட்டு வயதிலும் அந்தத் தலையணை அங்கேதான் இருந்தது. ஒரு வீட்டில் இதைவிட என்ன வேண்டும்?

ரோசென்தோ தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். குழாயில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்று நகராட்சி சொன்ன வருடம் அவர் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தார். மொட்டைமாடித் தொட்டியை நிரப்ப வேண்டும். லாரியின் ரப்பர் குழாயில் இந்த நுனியைப் பெலெம் பிடித்திருந்தாள், அந்த நுனி அவர் கையில். எதற்கோ இருவரும் சிரித்தார்கள். நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்கும். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். குடிக்கமாட்டார், குரல் உயர்த்தமாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். கடைசிவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

கல்யாணத்தன்று அவர் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். பன்றிக் கொழுப்பு வருகிற பெரிய தகர டின்னில் ஒரு மெஸ்கீத் கன்று. வறண்ட ஆற்றுப் படுகையில் தானாக முளைத்ததை மண்ணோடு எடுத்து நட்டிருந்தார். முழங்கால் உயரம், நுனியில் நாலே நாலு முள். விருந்துக்கு வந்திருந்த எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுத்துச் சொன்னார்:

"அக்கா, உங்க தங்கச்சிய நான் எடுத்துக்கிறேன். பதிலுக்கு இத நீங்க வச்சுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு நாச்சா, "அடேங்கப்பா, டீச்சருக்கு ஒரு முள்ளுச்செடியா? நல்ல வியாபாரம்தான்டா தம்பி" என்றாள். நானும் சிரித்தேன். புகைப்படத்தில் பார்க்கலாம்.

அப்போதே நட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெள்ளைச் சட்டையோடு கடப்பாரையை எடுத்தார். சமையலறை ஜன்னலுக்கு நேரே, வீட்டின் கிழக்குப் பக்கம். எங்கள் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டடி தோண்டினால் கலிச்சே தட்டும், அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதை உடைத்து வழி செய்யாவிட்டால் வேர் கீழே இறங்காது. கடப்பாரை நங்கென்று தட்டியது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உடைக்கட்டுமா அக்கா? நீங்கதான் சொல்லணும், மரத்தம்மா நீங்கதானே."

"போதும் விடுங்க தம்பி. சட்டை அழுக்காகுது."

அங்கேதான் ஆரம்பித்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்று என் மனதில் ஒன்றும் இல்லை. இறைச்சி கருகிக்கொண்டிருந்தது, பாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை குழிக்குள் நின்றுகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? பாறையை இன்னொரு நாள் உடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நினைத்திருப்பேன்.

அவர்கள் தனிவீடு பார்க்கவில்லை. பின்னறையை நான் வெள்ளையடித்து, புதுக் கூலர் வாங்கி மாட்டியிருந்தேன். "எதுக்கு வாடகை கொடுக்கணும்?" என்றேன். ரோசென்தோவும் சந்தோஷமாகச் சம்மதித்தார். முதல் வருடம் மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அது சரியான முறைதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இரண்டாம் வருடம், ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உலர்ந்த இறைச்சியை உதிர்த்து முட்டையோடு வதக்கியிருந்தேன், பெலெமுக்குப் பிடிக்கும். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, ரோசென்தோவோட அண்ணன் என்செனாதாவுல இருக்காருல்ல? அங்க ஆகஸ்ட்லகூட ஸ்வெட்டர் போட்டுக்கணுமாம். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அங்க போயிரலாமான்னு பேசிட்டிருக்கோம்."

"நல்லதுதானே, போங்க" என்றேன்.

"உடனே இல்லக்கா. நாலஞ்சு வருஷம் ஆகும்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன்.

மரத்தை ஏமாற்றுவது எளிது, லிசென்சியாதா. மெஸ்கீத்தின் வேர் கிணற்று ஆழத்துக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஆசைப்பட்டுப் போவதில்லை. தாகத்தில் போகிறது. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் நாம் தினமும் காலடியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், அது ஏன் கஷ்டப்பட வேண்டும்? மேலாகவே படர்ந்து படுத்துக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் அப்படிப்பட்ட மரம்தான் கிடுகிடுவென்று வளரும். மூன்றாம் வருடம் எங்கள் மெஸ்கீத் ஜன்னலைத் தாண்டியது. நான்காம் வருடம் மாடித் தொட்டியை எட்டியது. தெருவில் அவ்வளவு பச்சையான மரம் வேறெங்கும் இல்லை.

நாச்சா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். "ஏண்டி ஒதிலியா, என் புருஷனுக்குக்கூட நான் இப்படிப் பாத்துப் பாத்துக் குடிக்கக் குடுத்ததில்ல."

"உன் புருஷன் தண்ணி குடிச்சாத்தானே."

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அவளும் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருப்பாள். ஒதிலியா அந்த மரத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள் என்றுதான் சொல்லியிருப்பாள். எங்கள் ஊரில் ஒருத்தி மரத்துக்குத் தண்ணீர் சுமப்பதைப் பார்த்து யாரும் கெட்டதாக நினைக்கமாட்டார்கள். அதுவும் தண்ணீர்ப் பஞ்சத்தில்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டீர்கள். அவர்தான் கொண்டுவந்தார். வியாழக்கிழமைதோறும் கடைசி நடை முடிந்து லாரியில் மிச்சம் இருப்பதை எங்கள் தொட்டியில் இறக்குவார். "உங்க மரம் என்னைவிட ஜாஸ்தி குடிக்குதுக்கா" என்பார். ஒருமுறை மட்டும் கொஞ்சம் யோசனையாக நின்றார். பண்ணைக்கு லாரி கொண்டுவந்தபோது நான் யாருக்கோ பாடம் சொல்வதைக் கேட்டிருக்கிறார்.

"அக்கா, ஊருக்கெல்லாம் மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றீங்க. இங்க மட்டும் தினமும் ஊத்துறீங்களே?"

"இது நம்ம வீட்டு மரம் தம்பி" என்றேன்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியதுபோல இருந்தது. பிறகு பெலெமிடம், "நான் குடுத்த செடின்னு உங்க அக்கா அதை எப்படிப் பாத்துக்கிறாங்க பாரு" என்று சொன்னாராம். அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் வீடு அவ்வளவு நன்றாக இருந்தது. நான் ஒரு நாளாவது ஊற்றாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் விடவில்லை.

மரம் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தேன். இளம் மரம் காற்றில் ஆட வேண்டும், ஆடினால்தான் தண்டு தடிக்கும், அதனால் கயிறு தளர்வாக இருக்க வேண்டும், ஒரு வருடத்தில் எடுத்துவிட வேண்டும். நான் இறுக்கிக் கட்டி ஐந்து வருடம் விட்டுவைத்தேன். ஜூனுக்கு முன்னால் கிளைகளை மூன்றில் ஒரு பங்காவது கழிக்க வேண்டும், காற்று உள்ளே புகுந்து போகட்டும் என்று. நான் கழிக்கவில்லை. கழித்தால் நிழல் போய்விடும் அல்லவா? ரோசென்தோ விடியற்காலை நாலு மணிக்கு லாரி எடுப்பவர். மதியம் இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிவரை மரத்தடியில் கித்தான் கட்டிலைப் போட்டுத் தூங்குவார். பின்னறைக் கூலரின் சத்தம் அவருக்கு ஆகாது.

கட்டிலை முதலில் மரத்துக்கு அந்தப் பக்கம்தான் போட்டுக்கொள்வார், வேலியோரமாக. வீட்டை ஒட்டி இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளச் சொன்னது நான். மத்தியானத்துக்கு மேல் வீட்டு நிழலும் சேர்ந்து விழும், இரட்டைக் குளிர்ச்சி. அதில் பொய் ஒன்றுமில்லை. எங்கள் மழைக்காற்று எப்போதும் கிழக்கு மலையிலிருந்துதான் வரும், வந்தால் மரம் வீட்டுப் பக்கம்தான் சாயும் என்பதும் உண்மைதான். இரண்டு உண்மை ஒரே இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருடம் மே மாதம் என்செனாதாவிலிருந்து போன் வந்தது. மீன் ஏற்றும் லாரிக்கு ஆள் வேண்டும் என்று அண்ணன் கூப்பிட்டார். பெலெமுக்கும் அங்கே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு கிளம்புவது என்று முடிவாயிற்று.

நான் தனியாக விடப்பட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். பெலெம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ இல்லாம எப்படிக்கா? நீயும் வா. உனக்குன்னு ஒரு ரூம் பாத்திருக்கோம், ஜன்னலத் திறந்தா கடல்."

ரோசென்தோ சொன்னார்: "வாங்கக்கா. அங்க மரத்துக்குத் தண்ணியே சுமக்க வேண்டாம், பனியே ஊத்திரும்."

யோசித்தேன். நேர்மையாகவே யோசித்தேன். அங்கே போனால் நான் அவர்கள் வீட்டில் இருப்பேன். இங்கே அவர்கள் என் வீட்டில் இருந்தார்கள். அங்கே எந்தத் தட்டில் சாப்பிடுவது, எந்த நாற்காலியில் யார் உட்காருவது, எப்போது விளக்கை அணைப்பது எல்லாம் அவள் சொல்வாள். நன்றாகத்தான் சொல்வாள், அன்பாகத்தான் சொல்வாள். உங்களுக்குப் புரிகிறதா தெரியவில்லை.

"வயசாயிடுச்சு, எனக்கு இந்த ஊருதான் ஒத்துக்கும்" என்றேன்.

ஜூன் இருபத்து நாலு, சான் ஹுவான் திருநாள். அன்றிலிருந்து மழையை எதிர்பார்க்கலாம் என்பது எங்கள் கணக்கு. தெருவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வீசிக்கொண்டிருந்தார்கள். அன்று பெண்கள் தலைமுடியின் நுனியைக் கத்தரித்தால் நன்றாக வளரும் என்பார்கள். வருடா வருடம் பெலெமுக்கு நான்தான் வெட்டிவிடுவேன். முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன்.

"அடுத்த வருஷம் யாரு வெட்டிவிடுவா?" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றார் ரோசென்தோ.

"நீயா? ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற மாதிரி கத்தரிப்ப. அப்புறம் பிள்ளைங்க என்னைப் பாத்து மே மேன்னு கத்தும்."

"கத்தட்டுமே. என் ஆட்டை எனக்கு அடையாளம் தெரியும்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு அவரைத் துரத்தினாள். இருவரும் தொப்பலாக நனைந்து வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடினார்கள். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மரத்தடிக்குப் போய் நான்கு கயிறுகளையும் வெட்டி எடுத்தேன். கம்பங்களை அசைத்துப் பிடுங்கினேன். மண் அவ்வளவு ஈரம், சுலபமாக வந்தன. கயிறு எப்படியும் எடுக்க வேண்டியதுதான். எந்தப் பண்ணைக்காரரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்.

அதன் பிறகு மழை வரவில்லை. தினமும் மூன்று மணிக்குக் கிழக்கே மேகம் ஏறும், நாலு மணிக்குக் கலைந்துவிடும். நாற்பத்தேழு டிகிரி. கோயிலில் மழைக்காக ஒன்பது நாள் ஜெபம் வைத்தார்கள். எல்லோரும் மண்டியிட்டு வேண்டிக்கொண்டார்கள். நானும் வேண்டிக்கொண்டேன். அந்தக் கோயிலில் என்னைவிட உண்மையாக வேண்டியவர் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். வீட்டில் ஒவ்வொரு அலமாரியாகக் காலியாகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை. கிளம்ப மூன்று நாள் இருந்தது. ரோசென்தோ லாரியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு மதியம் வந்தார், சாப்பிட்டார், தட்டைக் கழுவினார். "இன்னும் மூணு தூக்கம்தான் பாக்கி இந்த மரத்தடியில" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நான் அவருக்குத் தலையணை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலரைக்குக் கிழக்கே புழுதி எழுந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், ஊரே அதைப் பார்த்ததே. பழுப்பு நிறத்தில் ஒரு சுவர், மலையை மறைத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் காற்றே இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. நானும் பெலெமும் சமையலறையில் இருந்தோம், துவைத்து உலர்ந்த துணிகளைப் பெட்டியில் வைக்க மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, காத்து வருது. அவரை எழுப்பிட்டு வந்திடுறேன்."

"இருடி, இந்தப் பெட்ஷீட்ட மடிச்சிட்டுப் போ. ஒருத்தியா மடிக்க முடியாது."

இரட்டைக் கட்டிலுக்கான பெரிய விரிப்பு. இரண்டு நுனியை அவள் பிடித்தாள், இரண்டு நுனியை நான் பிடித்தேன். உதறினோம், மடித்தோம், கிட்டே வந்தோம், என் கையில் கொடுத்தாள்.

"ஓரம் கோணலா இருக்கு. இன்னொரு தடவை."

மறுபடி பிரித்தோம். ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் நுனியை விடவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான், நான் பிடித்திருக்கும்போது அவள் விடமாட்டாள். மடித்துக் கொடுத்தாள்.

"அக்கா, போதும்க்கா."

"பெட்டியில வைக்கிறது, சுருக்கம் விழுந்திரும். ஒரே ஒரு தடவை."

மூன்றாவது முறை மடிக்கும்போது அவள் என் கண்ணைப் பார்த்தாள். நான் விரிப்பைப் பார்த்தேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். லாரியிலிருந்து மணல் கொட்டுவதுபோலத்தான் இருந்தது. கிளை நுனிகள் சமையலறைச் சுவரை உரசி இறங்கின. ஜன்னல் முழுக்கப் பச்சையாகிவிட்டது. பெலெம் கையிலிருந்த துணியை விட்டுவிட்டு ஓடினாள். அவள் பாதியை விட்டதால் அது தரையில் விழுந்தது; எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நான் வெளியே போனேன்.

அன்று ஊரில் பதினாலு மரம் விழுந்தது. புயலின் தப்பு என்றார்கள். நாச்சா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மரத்தை அறுத்து அகற்ற எவாரிஸ்தோ வந்தான். பண்ணையில் என்னிடம் வேலை கற்றவன், பதினைந்து வருடம் என்னோடு இருந்தவன். மரம் அறுக்கும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, பெயர்ந்து நின்ற வேர்ப்பகுதியின் முன்னால் நெடுநேரம் நின்றான். எங்கள் வீட்டு ரொட்டியைப் போல அகலமாக, மெல்லிசாக, ஒரு சாண் கனத்தில் இருந்தது அது. கீழே குழியில் கலிச்சே வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு வேர்கூட அதைத் தொடவில்லை.

"மேஸ்திரியம்மா, இத யாரு வளத்தது?" என்று கேட்டான்.

"நான்தான்."

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு மெஷினை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். ஆனால் போகும்போது பெலெமின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனான்.

என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. பெலெம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவள் உங்களிடம் வந்தாள். அவள் எழுதிக் கொடுத்ததில் மரத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது என்கிறீர்கள். மீதி முழுக்க அந்த விரிப்பைப் பற்றி. ஓரம் கோணலாக இல்லை, முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாள். அவள் நல்ல டீச்சர். கவனித்துப் பார்ப்பாள்.

காலொடிந்தால் போதும் என்று நினைத்தீர்களா என்று நேற்று நீங்கள்தான் எனக்கு ஒரு வழி காட்டினீர்கள். கருணையாகத்தான் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காலொடிந்தவரை யாரும் லாரி ஓட்டக் கூப்பிடமாட்டார்கள், அவர் வீட்டில் இருப்பார், இருவரும் இருப்பார்கள், நான் இருவருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேன். சில நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவர் எப்போதும் காலைத்தான் மரத்தின் பக்கம் நீட்டிப் படுப்பார். அன்று தலையணையை மரத்தின் பக்கம் வைத்தது நான். அவர் சிரித்துக்கொண்டே, "இப்படியா?" என்று கேட்டார். "அந்தப் பக்கம் காத்து வரும்" என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரை நான்தான் கொன்றேன். பாறையை உடைக்க வேண்டாம் என்று சொன்னதிலிருந்து கொன்றேனா, இரண்டாம் வருடத்து வாளியிலிருந்து கொன்றேனா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

பெலெம் நேற்று காலை பஸ்ஸில் என்செனாதாவுக்குப் போய்விட்டாள் என்கிறீர்கள். தன் முகவரியை யாருக்கும் தரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள் என்கிறீர்கள். யாருக்கும் என்றால் ஊர்க்காரர்களைச் சொல்லியிருப்பாள். துக்கத்தில் இருக்கிறவள், ஆளாளுக்கு வந்து விசாரித்தால் தாங்கமாட்டாள். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் குவாய்மாஸுக்குக் கூட்டிப்போனார்கள். கடலைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாளே அக்கா வேண்டும் என்று அழுது திரும்பி வந்தாள். புது இடத்தில் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. பத்து நாள் இருப்பாள், மிஞ்சினால் ஒரு மாதம்.

இங்கே கைதிகளை உறவினர்கள் வந்து பார்க்கிற நாள் எது என்று மட்டும் சொல்லுங்கள், லிசென்சியாதா. அன்றைக்கு நான் காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?